அம்மா சாகாத ஆட்டம்

கதிர், இந்தக் கடிதத்தை நீ வேலைக்குப் போகும் வழியில் பாலத்தில் பஸ் நெரிசலில் மாட்டிக்கொண்டு நிற்கும் நேரமாகப் பார்த்துத்தான் உன் கைப்பேசிக்கு அனுப்புகிறேன். அங்கே உன்னால் எழுந்து போக முடியாது. "அப்பறம் பேசலாம்மா" என்று துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போகவும் முடியாது. முன்னால் சிங்கப்பூர், பின்னால் ஜொகூர், நடுவில் நீயும் நானும். நிதானமாகப் படி.

நம் உலு திராம் வாசகர் வட்டத்தில் இந்த ஆண்டு மலருக்குப் பெற்றோர் பிள்ளைகளுக்கு எழுதும் கடிதம் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். மற்ற அம்மாக்கள் படிப்பு, ஒழுக்கம், குலதெய்வம் என்று எழுதப் போகிறார்கள். நான் பழைய வீடியோ கேம் பற்றி எழுதுகிறேன் என்றதும் தலைவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "கேம் விளையாடாதன்னு எழுதறீங்களா?" என்றார். "இல்லைங்க, ஒழுங்கா விளையாடுன்னு எழுதறேன்" என்றேன். மலர் வெளிவர நாளாகும், உனக்கோ அவ்வளவு நாள் இல்லை. அதனால் ஊர் படிப்பதற்கு முன்னால் நீ படிக்கிறாய். ஊரும் படிக்கும் என்பதால் உனக்குத் தெரிந்த கதைகளையும் சொல்லத்தான் போகிறேன், பொறுத்துக்கொள்.

விஷயத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். ஓசாக்காவில் கேம் செய்யும் நிறுவனம் ஒன்று உன்னை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் நீ பதில் சொல்ல வேண்டும். என்னிடம் நீ சொன்னது, "அந்த வேலை அவ்வளவு நல்லா இல்லம்மா." ஆனால் ஞாயிற்றுக்கிழமை வாசலில் காரைக் கழுவிக்கொண்டே உன் அப்பாவிடம் நீ சொன்னது சமையலறை ஜன்னல் வழியாக எனக்கும் கேட்டது. "அம்மா கை இப்படி இருக்கறப்ப நான் எப்படிப்பா போறது?" என்றாய். அப்பா காரைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். என் வலது கை நடுக்கம் நரம்பு சம்பந்தப்பட்டது, போகாது, மெல்லக் கூடும் என்று மருத்துவர் சொன்ன கையோடு நீ சிங்கப்பூர் அறையைக் காலி செய்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாய். விடிவதற்குள் கிளம்புகிறாய், இருட்டிய பிறகு திரும்புகிறாய். இப்போது ஓசாக்காவையும் விடப் பார்க்கிறாய். இன்னொரு பக்கம், நீயே செய்த ஒரு கேமை என் டேப்லெட்டில் போட்டுக் கொடுத்து, "எப்படிம்மா இருக்கு? உண்மையச் சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாய். நானும் "நல்லா இருக்குடா" என்று மழுப்பிக்கொண்டே வருகிறேன். இனிமேல் பூசி மெழுகப் போவதில்லை. இரண்டுக்கும் இங்கே பதில் இருக்கிறது. ஆனால் உன் ஆட்டத்தைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று ஊர் கேட்கும், அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நம் வீட்டுக்குக் கேம் பெட்டி வந்தது பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையிலிருந்து. உனக்கென்றுதான் வாங்கினோம். நீ அப்போது பால்புட்டியைக்கூட விடவில்லை. ஆக யாருக்காக வாங்கினோம் என்பது மலர் படிப்பவர்களுக்கே புரிந்துவிடும். நான் தெப்ராவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, உன் அப்பா எங்கள் தொழிற்சாலை பஸ்ஸின் ஓட்டுநர். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வீட்டில் இருப்பது அபூர்வம். அப்படி இருந்தால் சோறு அடுப்பில் வேகும், நீ மெத்தையில் தூங்குவாய், நாங்கள் தரையில் உட்கார்ந்து கேசட்டின் அடியில் ஊதி ஊதிப் பெட்டிக்குள் சொருகிக்கொண்டிருப்போம். வெளியே மழை இடித்துக்கொண்டு வந்தால் வயரைப் பிடுங்கிவிட்டு, மழை விடும்வரை யார் நன்றாக ஆடினோம் என்று சண்டை போடுவோம்.

முதலில் டாங்கி ஆட்டம். பெட்டியில் என்ன பெயர் இருந்ததோ தெரியாது, நம் வீட்டில் அதற்கு அதுதான் பெயர். திரையின் அடியில் செங்கல் வைத்துக் கட்டிய சின்னக் கோட்டை, உள்ளே ஒரு பறவை. மேலேயிருந்து எதிரி டாங்கிகள் இறங்கி வரும், இரண்டு பேர் சேர்ந்து காவல் காக்க வேண்டும். இதைச் செய்தவர் கல்யாணம் ஆனவராகத்தான் இருக்க வேண்டும் என்று இன்றைக்கும் நம்புகிறேன். ஏனென்றால் கூட்டாளியின் குண்டு உன்மேல் பட்டால் நீ சாக மாட்டாய், கொஞ்ச நேரம் அசைய முடியாமல் நின்றுவிடுவாய். எதிரி வந்து கோட்டையை உடைப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். "ஏங்க, என்னைய ஏன் சுடறீங்க?" "நீ ஏன் குறுக்க வந்த?" எங்கள் கல்யாண வாழ்க்கையின் ஆரம்பமே இப்படித்தான் போனது. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. அந்தப் பறவையை எதிரிதான் கொல்ல வேண்டும் என்பதில்லை, அவசரத்தில் நாமே சுட்டுவிடலாம். எதிரி எங்கேயோ மூலையில் கிடப்பான், உன் அப்பா வீராவேசமாகத் திரும்பி ஒன்று விடுவார், எங்கள் பறவை எங்கள் கையாலேயே போகும். நாளைக்கு நீ ஒருத்தியைக் கட்டிக்கொண்டு வரும்போது இதை மனதில் வை. வெளியாள் வந்து கெடுத்த குடும்பத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

அடுத்தது ஓடித் தாவும் ஆட்டம். எனக்கு அதன் முதல் திரைமேல் இருக்கும் மரியாதை இன்னும் குறையவில்லை. ஒரு எழுத்து கிடையாது, விளக்கம் கிடையாது. நீ இடது பக்கம் நிற்கிறாய், வலது பக்கம் காலியாக இருக்கிறது, ஆகவே வலது பக்கம் போகிறாய். எதிரே ஒன்று மெதுவாக நடந்து வருகிறது. தொட்டால் சாகிறாய். மறுமுறை தாவுகிறாய். அவ்வளவுதான், பாடம் முடிந்தது. இங்கிலீஷ் தெரியாத நானும், ஜப்பான் மொழி தெரியாத உன் அப்பாவும், பேச்சே வராத நீயும் ஒரே நேரத்தில் அதைக் கற்றுக்கொண்டோம். இப்போது உன் தங்கை யாழினி கைப்பேசியில் ஒரு கேமைத் திறந்தால் ஒரு விரல் வந்து இங்கே அழுத்து, அங்கே அழுத்து என்று சுட்டிக்காட்டிக்கொண்டே இருக்கிறது. வீட்டுக்கு வந்த மருமகளுக்கு அடுப்பு எங்கே இருக்கிறது என்று காட்டுகிற மாதிரி. எனக்கு எரிச்சலாக வரும்.

நான் கைப்பேசியில் ஆடுவது தனக்குப் பிடிக்காது என்பாள் உன் தங்கை, ஆனால் நான் அதில் பழைய ஆள். பட்டன் வைத்த பழைய போனில் பாம்பு ஆட்டம் இருந்ததே, அதைத் தொழிற்சாலை பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் ஆடினேன். பஸ் ஓட்டுகிற உன் அப்பா கண்ணாடியில் பார்த்து, "என்னா லா, வீட்டுக்காரரு இங்க இருக்காரு, போனையே பாத்துட்டு வர்றே" என்பார். பஸ்ஸே சிரிக்கும். பாம்பு ஆட்டத்தில் எனக்குப் பிடித்தது, அதில் எதிரியே கிடையாது. தின்னத் தின்ன நீளுகிறாய், நீண்ட உடம்பே உன் வழியை அடைக்கிறது. ஓவர்டைம் எல்லாவற்றையும் வாரிக் கட்டிக்கொண்டு, வீட்டில் உட்காரவே இடமில்லாமல் சாமான் வாங்கிப் போட்ட என் தோழிகளை அப்போது நினைத்துக்கொள்வேன். கட்டை விழும் ஆட்டத்தைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. அதில் யாரும் ஜெயிக்க முடியாது. எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கடைசியில் கட்டை மேலே முட்டும். தெரிந்தும் மறுபடி உட்கார்ந்தோம் பார், அந்த ஆட்டத்தைச் செய்தவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். எல்லாவற்றையும் நான் புகழ்கிறேன் என்று நினைத்துவிடாதே. இரண்டு பேர் அடித்துக்கொள்ளும் சண்டை ஆட்டம் எனக்கு அறவே பிடிக்காது. எந்தப் பட்டனை அழுத்துகிறோம் என்று தெரியாமல் தட்டுகிறவன் ஜெயிக்கிறான், உன் சித்தப்பா அப்படித்தான் என்னை ஜெயித்தார், இன்னும் அதைச் சொல்லிக்காட்டுகிறார்.

ஆயர் ஈத்தாம் கதையைச் சொல்லாமல் விட்டால் உன் அப்பா கோபித்துக்கொள்வார். கோலாலம்பூரில் அத்தை மகள் கல்யாணத்துக்குப் போகிற வழி. அந்த ஊரில் பூச்சட்டிகள் அடுக்கிவைத்த கடைகளுக்கு எதிரே சாப்பிட நிறுத்தினோம். கடை மூலையில் காசு போட்டு ஆடும் பெட்டி ஒன்று நின்றது, விமானம் ஓட்டிச் சுடுகிற ஆட்டம். நீ எட்டிப் பிடித்து ஆடி உடனே செத்தாய். நான் கை மாற்றிக்கொண்டேன். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, கை நிறைய வளையல். வளையல் சத்தத்தைக் கேட்டுத்தான் லாரிக்காரர்கள் திரும்பினார்கள். கொஞ்ச நேரத்தில் எனக்குப் பின்னால் ஒரு கூட்டம். "அலமாக், இந்த அம்மா தெரெர் லா!" என்று ஒரு மலாய்க்காரர் என் கைத்திறனை வியந்து கத்தினார். கடைக்காரச் சீனர் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றபடி பார்த்தார், யாருக்கோ போக வேண்டிய மீ நூடுல்ஸ் அதில் ஆறிப்போனது. உன் அப்பா வாசலில் நின்று, "முகூர்த்தம்மா, முகூர்த்தம்!" என்று கத்திக்கொண்டிருந்தார். "இருங்க, உயிரு இன்னும் இருக்கு!" என்றேன். நாம் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்திருந்தது. அத்தை இன்றுவரை வண்டி பழுதாகிவிட்டது என்று நம்புகிறாள். மலர் வந்தால் உண்மை தெரிந்துவிடும், தெரியட்டும். என் வாழ்க்கையில் முன்பின் தெரியாதவர்கள் எனக்காகக் கைதட்டியது அந்த ஒரு தடவைதான். அன்றைக்கு நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று சொல்லி முடியாது.

நீ செத்ததும் நான் கை மாற்றிக்கொண்டேன் என்றேனே, அது நம் வீட்டுச் சட்டம். செத்தால் அடுத்தவர் கையில் கொடுத்துவிட வேண்டும். அழக்கூடாது, பட்டன் சரியில்லை என்று சொல்லக்கூடாது. உனக்கு அம்மை போட்டிருந்தபோது வேப்பிலைக்கு நடுவில் உட்கார்ந்து ஆடினாய். செத்தாய். "இன்னொரு தடவ மா" என்று கேட்டாய். "செத்தா செத்ததுதான், கை மாத்து" என்றேன். பார்க்க வந்த அத்தை, "அம்ம போட்ட புள்ளகிட்டயா இப்படி? உனக்கு நெஞ்சில ஈரமே இல்லையா?" என்று என்னைத் திட்டித் தீர்த்தாள். ஆனால் நீ அழவில்லை. கொடுத்துவிட்டு, உன் முறை வரும்வரை என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாய். காய்ச்சல்காரப் பிள்ளை என்று அந்த வீட்டில் உன்னை அன்றைக்கு நடத்தாதவர்கள் நானும் உன் அப்பாவும்தான். நீ சீக்கிரம் எழுந்து உட்கார்ந்ததும் அதனால்தான் என்று நான் சொல்வேன், மருத்துவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

பிறகு விண்கல ஆட்டம். இதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. திருட்டுக் கேசட், எல்லாம் ஜப்பான் எழுத்து. ஆட்டம் தொடங்குமுன் மூன்று வரி வரும், ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எது என்ன என்று எங்களுக்குத் தெரியாது. உன் அப்பா மோவாயைத் தடவிவிட்டு, "கீழ இருக்கறதுதான் லேசா இருக்கும். மேல ஏற ஏறத்தானே கஷ்டம்?" என்றார். ஏணியை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார். நியாயமாகத்தான் பட்டது. வருடக்கணக்கில் கீழ்வரியிலேயே ஆடினோம். குண்டு மழையாகக் கொட்டும். நான்காம் கட்டத்தை நம் வீட்டில் யாரும் தாண்டியதில்லை. லேசானதே இப்படி என்றால் மேல்வரியை எவன் தொடுவான் என்று அதன் பக்கமே போகவில்லை. நீ வளர்ந்து ஜப்பான் மொழி வகுப்புக்குப் போன பிறகு ஒருநாள் அந்த ஆட்டத்தை இணையத்தில் தேடி எடுத்தாய். திரையைப் பார்த்தாய். குடித்துக்கொண்டிருந்த தே தாரிக் டீ உன் மூக்கு வழியாக வந்தது. "மா, மேல இருக்கறதுதான் லேசும்மா! நம்ம இத்தன வருசமா ஆடினது ரொம்பக் கஷ்டமானதும்மா!" உன் அப்பா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "அப்ப நாம சும்மா ஆளுங்க இல்ல" என்றார். நானும் அதைப் பிறகு யோசித்தேன். படிக்கத் தெரிந்திருந்தால் முதல் வரியைத்தான் அழுத்தியிருப்போம், சீக்கிரம் முடித்திருப்போம், மறந்திருப்போம். கஷ்டமானது என்று யாரும் எங்களிடம் சொல்லாததால் அதை ஆடினோம். உன் கைக்கு அந்த வேகம் அங்கேதான் வந்தது.

இனி உன் ஆட்டம். முதலில் நீ கொடுத்தபோதே எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதைச் சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலை பஸ்ஸை ஓட்ட வேண்டும், மழையில் சந்து சந்தாகப் போய்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு சங்கு ஊதுவதற்குள் வாசலில் இறக்க வேண்டும். குழி, குறுக்கே வரும் மாடு, செம்பனைக் குலைகளைச் சிந்திக்கொண்டே போகும் லாரி. அப்பாவை நீ ஒரு தடவைகூட வாயால் புகழ்ந்ததில்லை, இப்படிப் புகழ்ந்திருக்கிறாய். நான் உட்கார்ந்து ஆடினேன். சக்கைப்போடு போட்டேன். மாட்டை இடித்தால் பஸ் ஒரு குலுக்கு குலுக்கிவிட்டுப் போகும், மாடு மரியாதையாக ஒதுங்கும். குழியில் விழுந்தால் தானாக எழும்பும். கை நடுங்கியும் நான் தோற்கவில்லை. வாசகர் வட்டத்தில் போய், "என் மகன் செஞ்ச கேமை நான் முடிச்சுட்டேன்" என்று பீற்றிக்கொண்டேன். நோய் வந்த பிறகு அன்றைக்குத்தான் நான் நன்றாகத் தூங்கினேன்.

போன வாரம் யாழினி அவள் கைப்பேசியில் அதே ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தாள். முதல் லாரியிலேயே பஸ் கவிழ்ந்து ஆட்டம் முடிந்தது. "அதுக்கே செத்துட்டியா?" என்று கேலி செய்தேன். "கஷ்டமா இருக்குமா" என்றாள். "கொடு இங்க" என்று வாங்கினேன். செத்தேன். மறுபடி செத்தேன். மாடு ஒதுங்கவே இல்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "என்னடி இது, வேற கேமா?" என்றேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். "அண்ணன் உங்களுக்கு மட்டும் வேற மாரி செஞ்சு குடுத்திருக்காருமா. உங்க பஸ்ஸு சாகாது. சொல்லிடாதன்னு சொன்னாரு." நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். உன்மேல் அவ்வளவு கோபம். உன்மேல் அவ்வளவு பாசமும். இரண்டும் ஒன்றாக வந்தால் மனுஷிக்கு அழுவதைத் தவிர வேறு வழி கிடையாது.

நியாயமாகப் பேசுகிறேன், கேள். என் ஆட்டத்தில் பட்டனைப் பெரிதாக்கி வைத்திருக்கிறாய், விரல் நடுங்கி இரண்டு தடவை பட்டாலும் ஒரு தடவையாக எடுத்துக்கொள்ளும்படி செய்திருக்கிறாய். அது எனக்குக் கண்ணாடி போட்டுவிட்ட மாதிரி. அதற்கு உன் தலையில் கைவைத்து ஆசீர்வாதம் செய்கிறேன், அதை எடுத்துவிடாதே. ஆனால் சாவை எடுத்தாய் பார், அது என் கண்ணைக் கட்டிவிட்டு நீங்கள் நன்றாகப் பார்க்கிறீர்கள் என்று சொன்ன மாதிரி. உன் வீட்டு நோயாளியிடம் நீ பொய் சொன்னாய். உனக்கு ஆடக் கற்றுக்கொடுத்தவளிடம் அப்படிச் செய்யலாமா?

உன் நிஜ ஆட்டத்தை யாழினியைக் கொண்டு என் டேப்லெட்டில் போட்டுக்கொண்டேன், பெரிய பட்டன்களோடு. இப்போது நான் சொல்வதுதான் உண்மையான அபிப்பிராயம். நல்ல ஆட்டம், கதிர். மழைச் சத்தம் அருமை. மாடு எப்போது எழுந்து நடக்கும் என்பதை அதன் வால் ஆடுவதை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று வைத்திருக்கிறாயே, அதைக் கண்டுபிடித்தபோது நான் சத்தம் போட்டுக் கத்திவிட்டேன், பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெண் எட்டிப்பார்த்து, "காக், ஓகே கா?" என்றாள், அக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று. பழைய ஆட்டங்களில் இருந்த மரியாதை அது, ஆடுகிறவளுக்கு மூளை இருக்கிறது என்று நம்புகிற மரியாதை. ஆனால் மூன்றாவது சந்து அநியாயம். லாரி கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து வந்து அடிக்கிறது. பார்த்துச் சாகலாம், பார்க்காமல் சாகக்கூடாது. அப்புறம், பஸ் விட்டுவிட்டுப் போன பெண் அப்படியே மறைந்துபோகிறாள். மறையக்கூடாதுடா. அவள் மழையில் நிற்க வேண்டும், பஸ் போவதைப் பார்க்க வேண்டும். நான் அப்படி நின்றிருக்கிறேன். இதையெல்லாம் எப்படிச் சரிசெய்வது என்று சொல்லித்தர உலு திராமில் எனக்குத் தெரிந்து யாரும் இல்லை. நான் குறை சொல்வேன், வழி சொல்லத் தெரியாது. வழி தெரிந்தவர்கள் உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

உண்மையைச் சொன்னால், நீ போகக்கூடாது என்றுதான் என் வயிறு சொல்கிறது. உன் அப்பா தைரியசாலி மாதிரி நடந்துகொள்கிறார், உள்ளுக்குள் அவருக்கும் உன்னை அனுப்ப மனசில்லை. ஆனாலும் நீ இங்கே இருப்பதால் நடுக்கம் நின்றுவிடப் போவதில்லை. யாழினி இருக்கிறாள், அப்பா இருக்கிறார், சுல்தானா மருத்துவமனை எங்கேயும் ஓடிப்போகாது. நீ பாலத்தில் தினமும் இப்படி நிற்பதால் என் கைக்கு என்ன லாபம்? இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. முன்பெல்லாம் நீ வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் என் முகத்தைப் பார்ப்பாய். இப்போது கையைத்தான் பார்க்கிறாய். ஒவ்வொரு நாளும் அதைப் பார்க்கிறேன். உனக்காக அதைப் புடவைக்குள் மறைத்துக்கொள்கிறேன். என் சொந்த வீட்டில், என் மகனிடமிருந்து.

ஆகையால் வெள்ளிக்கிழமை வரை காத்திராதே. இந்த நெரிசலிலேயே அவர்களுக்கு வருகிறேன் என்று எழுது. ஜப்பான் மொழியில் எழுது, பிழை இருந்தால் இருக்கட்டும். போய்ச் சேர்ந்ததும் எங்களைக் கூப்பிடுவாய், அது எனக்குத் தெரியும். கூப்பிட்டால், "கை எப்படிம்மா இருக்கு?" என்று மட்டும் கேட்காதே. அதை மருத்துவர் கேட்பார், அத்தை கேட்பாள், தெருவில் போகிறவர்கள் எல்லாம் கேட்பார்கள். நீ, "இன்னைக்கு எந்த எடத்துல செத்தீங்கம்மா?" என்று கேள். நான் ஒன்றுவிடாமல் சொல்கிறேன்.